ஜாமீன் கிடைத்தும் உள்ளே – ஒரு வங்கிக்காரன் கணக்கு

ரொம்ப நாளாக எழுத நினைத்து, ஆபீஸில் ஆணி அதிகம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பக்கம், ஒரு மாவட்டத் தலைநகரில். ஊர் பெயர், வங்கி பெயர் இரண்டும் வேண்டாம். இன்னும் நிறைய வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது :-)

2023 ஆகஸ்ட் மாதம். வசூல் நிலுவை லிஸ்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பெயர் என்னை நிறுத்தியது. தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்பவர். பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதலில் 10,000 ரூபாய் வாங்கி, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்து, இரண்டாவதாக 20,000 வாங்கியவர். மாதம் ஆயிரத்துச் சொச்சம் தவணை. பணம் கட்ட வந்தால் இரண்டு கொய்யாப்பழத்தை என் மேஜையில் வைத்துவிட்டுத்தான் போவார். அவர் தவணை ஏன் நின்றது என்று புரியவில்லை. போன் அணைந்திருந்தது.

மறுநாள் அவருடைய மனைவி கிளைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் கோர்ட் காகிதங்கள். "மேனேஜர் சாஹப், ஜமானத்துக்கு எஃப்.டி. போட வேண்டும், உங்கள் வங்கி தருமா?" என்று கேட்டார்.

உட்கார வைத்து விசாரித்தேன். யாரோ ஒருவரிடம் 3,000 ரூபாய்க்குப் பழைய செல்போன் வாங்கியிருக்கிறார். அது திருட்டு போன். திருட்டுப் பொருளை வாங்கியதாக வழக்கு. அதிகபட்ச தண்டனை மூன்று ஆண்டு. ஒன்பதாவது நாளே கோர்ட்டில் ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் தலைக்கு 25,000 ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். நிற்பவர் நிலப் பத்திரமோ, வண்டியின் ஆர்.சி. புத்தகமோ, வங்கி டெபாசிட் ரசீதோ காட்ட வேண்டும். அதைத் தாலுகா ஆபீஸிலும் காவல் நிலையத்திலும் சரிபார்த்து எழுதித் தர வேண்டும். இவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாருமே தள்ளுவண்டிக்காரர்கள். யாரிடம் பத்திரம் இருக்கும்? ஜாமீன் உத்தரவு வந்து ஒரு மாதம் ஓடியிருந்தது. மனிதர் உள்ளேயே இருந்தார்.

அந்த அம்மாவிடம் இருந்தது நாலாயிரம் ரூபாய். மீதியை வங்கி கடனாகக் கொடுத்து, அதையே டெபாசிட் போட்டு ரசீது தரும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படி ஒரு வழி கிடையாது, பெஹன்ஜி, என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். "நீங்கள் சர்க்காரி ஆள். நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒத்துக்கொள்வார்களாம். போடுவீர்களா?"

நான் போடவில்லை.

காரணம் சொல்கிறேன். எங்கள் அப்பா ஒரு நண்பருக்காகக் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அந்த நண்பர் ஊரைவிட்டே போய், ஐந்தாறு வருஷம் அப்பா சம்பளத்தில் பிடித்தார்கள். நான் வங்கியில் சேர்ந்த அன்று அப்பா சொன்ன ஒரே அறிவுரை, "பணம் கேட்டா, இருந்தா குடு. ஜாமீன் கையெழுத்து மட்டும் எவனுக்கும் போட்டுறாதடா." அது மனதில் இருந்தது. ஆபீஸ் விதிமுறை, மேலிடத்துக் கேள்வி என்ற பயமும் இருந்தது. கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவ்வளவுதான் என் வீரம்.

அந்த வக்கீல் மனுப் போட்டு, ஜாமீன்தாரர் தேவையில்லை, சொந்தப் பிணையிலேயே போகலாம் என்று உத்தரவு வாங்கினார். ஆள் வெளியே வந்தபோது உள்ளே போய் 60 நாள் ஆகியிருந்தது. அதில் 51 நாள், "இவரை வெளியே விடலாம்" என்று நீதிபதி எழுதிக் கையெழுத்துப் போட்டதற்குப் பிறகு இருந்த நாட்கள்.

நான் பி.காம். படித்தவன். சட்டம் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். அந்த 51 நாளைக் கணக்காகப் போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு கைதிக்குச் சாப்பாடு, காவல், மருத்துவம், கட்டடம், சம்பளம் எல்லாம் சேர்த்து நாளைக்கு 300 ரூபாய் செலவு என்று சும்மா ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 51 நாளைக்கு 15,300 ரூபாய். அரசுக்கு வரவு? பூஜ்யம். தண்டனை என்று சொல்ல முடியாது, தீர்ப்பே வரவில்லை. விசாரணைக்காக என்றும் சொல்ல முடியாது, வெளியே விடலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் அவருடைய வியாபாரம் நின்றது. வண்டியை வாடகைக்கு விட்டவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலுக்குப் பணம் இல்லை. எங்கள் தவணை 90 நாளைத் தாண்டியதும் கணக்கு என்.பி.ஏ. ஆகிவிட்டது. அந்தப் பதிவை ஏற்றிய கிளையில் இருந்தது அடியேன்தான். ஒழுங்காகக் கட்டியிருந்தால் அடுத்து 50,000 ரூபாய்க் கடன் கிடைத்திருக்கும். இப்போது சிபில் அறிக்கையில் கறை.

ஒரு பைசா லாபம் இல்லாத செலவு இது. ஒரு கிளையில் இப்படி ஒரு கணக்கு இருந்தால் ஆடிட்டர் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். நாடு முழுக்க இருந்தால்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறை அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 2022 டிசம்பர் 31 நிலவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். சிறைகளின் கொள்ளளவோ 4,36,266தான். அதாவது 100 பேர் படுக்கும் இடத்தில் 131 பேர். அந்த மொத்தத்தில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர், கிட்டத்தட்ட 76 சதவீதம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 94,131 பேர். அதற்குப் பிறகு எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் பெரும்பான்மை விசாரணைக் கைதிகள்தான் என்பது மாறவில்லை.

கொள்ளளவு எண்ணையும் விசாரணைக் கைதிகள் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4,36,266, 4,34,302. நாம் கட்டி வைத்திருக்கும் சிறை இடம் அத்தனையும், தீர்ப்பு வராதவர்களை வைக்கவே சரியாகப் போகிறது!

உடனே, "அப்படியானால் எல்லாரையும் திறந்து விடச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்த நான்கு லட்சத்தில் கொலை வழக்கு, பாலியல் வன்முறை வழக்கு, சாட்சியை மிரட்டுபவர் எல்லாரும் உண்டு. அவர்களில் யாருக்கு ஜாமீன் தரலாம், தரக்கூடாது என்பது நீதிபதியின் வேலை. நான் பேசுவது, ஜாமீன் கொடுத்த பிறகும் பணமும் பத்திரமும் இல்லாமல் உள்ளே கிடப்பவர்களைப் பற்றி. எவ்வளவு பேர்? 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பட்டியலைக் கேட்டது. ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருந்தவர்கள் சுமார் 5,000 பேர் என்றும், சட்ட உதவிக்குப் பிறகு அவர்களில் 1,417 பேர் வெளியே வந்தார்கள் என்றும் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் சொன்னது. எல்லாமே வறுமையால் அல்ல. சிலர்மேல் வேறு வழக்குகளும் இருந்தன, எல்லாவற்றிலும் ஜாமீன் கிடைத்தால்தான் பிரயோஜனம் என்று இருந்தார்கள். நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். ஆனால் வெறும் மனுவும் வக்கீலும் கிடைத்ததால் 1,417 பேர் வெளியே வர முடிந்தது என்றால், அதுவரை அவர்கள் எதற்காக உள்ளே இருந்தார்கள்?

இங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது.

ஸ்வநிதி திட்டம் 2020 ஜூனில் தொடங்கியபோது எங்களுக்கு வந்த உத்தரவு என்ன? தள்ளுவண்டிக்காரரிடம் அடமானம் கேட்காதே. ஜாமீன் கேட்காதே. அவர் தெருவில் வியாபாரம் செய்கிறார் என்பதற்கு நகராட்சிச் சான்று போதும், 10,000 ரூபாய் கொடு. அவர் கட்டாவிட்டால் ஒரு பங்குக்கு அரசின் கடன் உத்தரவாதம் உண்டு. அதாவது அந்தக் கொய்யாப்பழக்காரருக்கு ஜாமீன் நின்றது இந்திய அரசு. விவசாயக் கடனுக்கும் இப்படித்தான். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சுயஉதவிக் குழுப் பெண்களுக்குச் சொத்து அடமானமே இல்லாமல் லட்சக்கணக்கில் கொடுக்கிறோம்.

ஏழையின் வார்த்தையை நம்பிக் கடன் கொடுக்கலாம், ஓடிப்போக மாட்டான், அவனுக்கு இந்த ஊரில் வண்டி இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தது இதே அரசாங்கம்தான். கடனுக்குச் செல்லுபடியாகிற அந்த வார்த்தை, "வாய்தாவுக்கு வந்துவிடுகிறேன் ஐயா" என்று அவர் கோர்ட்டில் சொல்லும்போது மட்டும் ஏன் செல்லாமல் போகிறது?

இது புதுக் கேள்வி இல்லை. 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. மத்தியப் பிரதேசத்துக்காரர். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், கீழே 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் நிற்க வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பில் அவர் கேட்ட ஒரு கேள்வி எனக்காகவே கேட்டது மாதிரி இருக்கும். ஒரு மலையாளியோ, கன்னடரோ, தமிழரோ, தெலுங்கரோ எங்கோ வடக்கே கைதானால், உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்பதுதான் அந்தக் கேள்வியின் சாரம்.

நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். நாளைக்கே ஏதோ ஒரு வழக்கில் என்னைப் பிடித்து உள்ளே வைத்தால், இந்த ஊரில் எனக்கு ஜாமீன் நிற்க யார் இருக்கிறார்கள்? என் வீடு ஊரில், கடனில் இருக்கிறது. பத்திரம் வங்கியில். இங்கே நான் வாடகை வீடு. எங்கள் ஹெட் கேஷியர் நிற்பாரா? நான் அந்த அம்மாவுக்கு நின்ற அழகுக்கு, அவரைக் கேட்க எனக்கு வாய் வருமா?

நமக்கு வேண்டாம், நம் ஊர் ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்மரம் வெட்டியதாக ஆந்திரச் சிறைகளில் அடைக்கப்பட்ட ஜவ்வாது மலைக்காரர்களுக்குக் கடப்பையிலும் சித்தூரிலும் நிலம் வைத்திருக்கும் சொந்தக்காரர் யார் இருந்தார்கள்? கிருஷ்ண ஐயர் கேட்டு நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சட்டம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. நிறையவே நடந்திருக்கிறது. தெரிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன்.

1979-இல் பீகார் சிறைகளில் வருஷக்கணக்காகக் கிடந்த விசாரணைக் கைதிகளைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரை வந்து, கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு. செய்த குற்றத்துக்கு உரிய தண்டனைக் காலத்தைவிட அதிகமாக, விசாரணையே இல்லாமல் உள்ளே இருந்தவர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். விரைவான விசாரணை என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது.

அதற்குப் பிறகு 2006-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 436-ஏ என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதிகபட்ச தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் வெளியே விட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் இது 479-வது பிரிவு. முதல் தடவை குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும் (மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது). சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல விஷயம்.

ஆனால் அதே பிரிவில் ஒரு ஓட்டை. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்று போட்டுவிட்டார்கள். நம் ஊர் எஃப்.ஐ.ஆர்.களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே சம்பவத்துக்கு நாலு பிரிவு போடாத எஃப்.ஐ.ஆர். ரொம்ப அபூர்வம். கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்கள் என் கொய்யாப்பழக்காரருக்கு நேரடியாகப் பொருந்தியவை. ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது தாமதத்துக்கு ஒரு காரணம், அப்படி நிபந்தனை போடாமல் இருக்கலாம் என்றும் சொன்னது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் இந்த உத்தரவு வந்து ஆறேழு மாதத்துக்குப் பிறகும் அந்த அம்மா எஃப்.டி. கேட்டு என்னிடம்தான் வந்து நின்றார். ஏழாம் நாள் சொல்ல வேண்டியவர் சொன்னாரா என்று கேட்க ஆள் இல்லை.

ஒரு ஒற்றுமை சொல்கிறேன். எங்கள் தொழிலில் 90 நாள் என்பது புனிதமான எண். 90 நாள் வட்டி வரவில்லை என்றால் கணக்கை வாராக்கடன் என்று ஒத்துக்கொண்டே ஆக வேண்டும், சாக்குப்போக்குச் சொல்ல முடியாது. குற்றவியல் சட்டத்திலும் 60 நாள், பெரிய குற்றமானால் 90 நாள் என்று உண்டு. அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் வங்கியில் 90-வது நாள் கம்ப்யூட்டர் தானாகவே மாற்றிவிடும். அங்கே மனுப் போட வக்கீல் வேண்டும். உத்தரவு வந்த பிறகும் ஜாமீன்தாரர் வேண்டும். கடைசியில் அதே பத்திரம், அதே ஆர்.சி. புத்தகம்.

சிறையில் இடம் இல்லை என்றால் அரசுகளுக்கு முதலில் தோன்றுவது புதுச் சிறை. சிறை மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். எந்த மாநிலத்தில் எந்தக் கட்சி ஆண்டாலும் நெரிசல் என்றதும் புதுக் கட்டடத்துக்குத்தான் முதலில் கை போகும். கட்டடம் என்றால் டெண்டர் உண்டு, அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு. ஆனால் ஒரு ஏழையைச் சொந்தப் பிணையில் விட்டால் ரிப்பன் வெட்ட எதுவும் இல்லையே!

2022 நவம்பர் 26, அரசியலமைப்புச் சட்ட நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதைத்தான் கேட்டார். மேடையில் நீதிபதிகளையும் அமைச்சரையும் வைத்துக்கொண்டு, எழுதி வைத்த உரையை விட்டு விலகி, ஹிந்தியில் பேசினார். நாம் வளர்ச்சியை நோக்கிப் போகிறோம் என்றால் சிறைகள் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்பது அவர் கேட்டதன் சாரம். உள்ளே இருப்பவரை வெளியே கொண்டுவர வீட்டில் மிச்சம் இருக்கும் பாத்திரம் பண்டமும் போய்விடும் என்று பயந்து, குடும்பமே கைவிட்டுவிடுகிற நிலையையும் சொன்னார். கிராமத்திலிருந்து வந்தவர், பார்த்துப் பேசுகிறார் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு 2023-இல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை அரசே கட்டும் என்று அப்போது சொன்னது. ஆண்டுக்கு 20 கோடி ஒதுக்கீடு. வரவேற்கிறேன். ஆனால் வங்கிக்காரனுக்கு ஒரு சந்தேகம். அரசின் ஒரு பாக்கெட்டில் இருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் போடுவதற்கு நடுவில் ஒரு கமிட்டி, ஒரு விண்ணப்பம், ஒரு விசாரணை எதற்கு? முதலிலேயே பணம் கேட்காமல் இருந்திருக்கலாமே!

இப்போது முக்கியமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். "ஜாமீன்தாரர் இல்லாமல் விட்டால் ஓடிவிடுவான்."

சிலர் ஓடத்தான் செய்வார்கள். எங்களிடமும் கடன் வாங்கிவிட்டுச் சிலர் ஓடுகிறார்கள். அதற்காகத் தெருவோர வியாபாரி அத்தனை பேருக்கும் கடனை நிறுத்தவில்லை. ஆளைப் பார்க்கிறோம், எத்தனை வருஷமாக ஊரில் இருக்கிறார், குடும்பம் எங்கே, பழைய கணக்கு எப்படி என்று விசாரிக்கிறோம். கோர்ட்டும் அதையே பார்க்கலாம். பார்க்கச் சொல்லித்தான் ஹுசைனாரா தீர்ப்பும் சொல்கிறது. இன்னொன்று, பத்திரம் கேட்டால் ஓட மாட்டார்கள் என்பதும் உண்மை இல்லை. கோர்ட் வாசலில் கூலிக்கு ஜாமீன் நிற்பவர்கள் உண்டு என்பது வடக்கு தெற்கு எங்கேயும் ஊரறிந்த ரகசியம். காசுள்ள திருடனுக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு ஜாமீன்தாரர் கிடைத்துவிடுவார்கள். காசில்லாதவனை மட்டுமே இந்த வலை பிடிக்கிறது. அது பாதுகாப்பு இல்லை. வெறும் வடிகட்டி.

"பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி யோசித்தாயா?" என்பது அடுத்த கேள்வி. யோசித்தேன். செல்போன் தொலைத்தவருக்கு வேண்டியது போனும், சீக்கிரம் முடிகிற வழக்கும். கொய்யாப்பழக்காரர் 51 நாள் கூடுதலாக இருந்ததால் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தண்டனைக்கும் இதே கணக்கைத்தான் போட வேண்டும். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இல் முதல் முறையாகச் சமூக சேவை ஒரு தண்டனையாக வந்திருக்கிறது. முதல் தடவை, 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறை இல்லை, சமூக சேவை. இப்படி மொத்தம் ஆறு சிறு குற்றங்களுக்குத்தான் இருக்கிறது. நல்ல தொடக்கம், ஆனால் ரொம்பச் சின்னத் தொடக்கம். நன்னடத்தைப் பிணையில் விடலாம் என்ற சட்டம் 1958-இலிருந்தே இருக்கிறது. அதற்கு நன்னடத்தை அலுவலர்கள் வேண்டும். புதுச் சிறையின் ஒரு மதில் சுவருக்கு ஆகும் பணத்தை இவர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஒன்று யோசியுங்கள். கடைசியில் சமூக சேவையோ அபராதமோதான் தண்டனையாக வரப்போகிற வழக்கில், தீர்ப்புக்கு முன்பே இரண்டு மாதம் சிறையில் வைத்தால், உண்மையான தண்டனையைக் கொடுத்தது நீதிபதியா, ஜாமீன் காகிதமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை.

1. மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், முதல் தடவை என்றால், சொந்தப் பிணைதான் வழக்கம் என்று இருக்கட்டும். வேறு ஜாமீன் கேட்பதானால் ஏன் என்று நீதிபதி காரணம் எழுதட்டும்.

2. ஏழாம் நாள் அறிவிப்பு சிறையின் கம்ப்யூட்டரில் இருந்து தானாகவே போகட்டும். எங்கள் 90 நாள் மாதிரி. மனிதர் நினைவு வைத்துச் செய்ய வேண்டியதாக இருந்தால் நடக்காது.

3. 479-வது பிரிவில் இருக்கும் அந்த "ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம்" தடையை எடுத்துவிட வேண்டும். குறைந்தபட்சம் ஒரே சம்பவத்தில் போட்ட பிரிவுகளை ஒன்றாகக் கணக்கிட வேண்டும்.

4. எந்த மாநிலமும் புதுச் சிறைக்குப் பணம் ஒதுக்கும் முன், ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர் எத்தனை பேர், அவர்களுக்கு ஆகும் செலவு என்ன என்று சட்டமன்றத்தில் ஒரு தாள் வைக்கட்டும். வங்கியில் புதுக் கிளை திறக்கக்கூட இதைவிட அதிகக் கேள்வி கேட்பார்கள்.

போன வருஷம் அந்தக் கொய்யாப்பழக்காரரை மார்க்கெட்டில் பார்த்தேன். இப்போது சொந்தமாக வியாபாரம் இல்லை, இன்னொருவரின் வண்டியில் தினக்கூலிக்கு நிற்கிறார். பழைய மாதிரியே இரண்டு பழம் எடுத்து நீட்டினார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "கடன் பாக்கி இருக்கிறது சாஹப், கட்டிவிடுவேன்" என்றார். நான் அதைக் கேட்கக்கூட இல்லை. வாய்தாவுக்கு ஒழுங்காகப் போகிறீர்களா என்று கேட்டேன். ஒரு வாய்தாகூட விட்டதில்லையாம். போகிற அன்று கூலி இல்லை, அவ்வளவுதான் என்றார்.

ஜாமீன் கையெழுத்துப் போடக்கூடாது என்று அப்பா சொன்னதில் தப்பு இல்லை. அவர் பட்ட பாடு அப்படி. ஆனால் ஒரு மனிதன் வெளியே வருவதற்கு இன்னொருவன் கையெழுத்து கட்டாயம் என்று வைத்தால், என்னைப் போன்றவர்கள் கையை இழுத்துக்கொள்ளும்போதெல்லாம் ஒருவர் உள்ளேயே இருக்க வேண்டியதாகிறது. அவருடைய சொந்தக் கையெழுத்தே போதும் என்று சட்டம் சொல்லட்டும். என்னைப் போன்ற கோழைகளை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

டிஸ்கி: இதில் உள்ள கருத்துகள் என்னுடையவை மட்டுமே, நான் வேலை பார்க்கும் வங்கியின் கருத்து அல்ல. நாளைக்கு 300 ரூபாய் என்பது கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டது, அரசுப் புள்ளிவிவரம் இல்லை. உங்களுக்குத் தெரிந்து யாராவது ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருந்தால், கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.